மூச்சு விட்டு நிறுத்தவும்

காய்கறிக் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். பின்னால் வந்து நின்ற ஒருவர், "அக்கா, இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன், எப்ப விடலாம்?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். கடைக்காரர் விழித்தார். அவள் திரும்பாமலே, "விடுங்க, விடுங்க, காய் வாங்க வந்த இடத்துல மயக்கம் போட்டு வைக்காதீங்க" என்றாள். அந்த மனிதரின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. படுத்த வாக்கில் பார்த்த முகம் நிமிர்ந்து நின்றால் வேறு ஆள் மாதிரிதான் தெரியும்.

ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது, மூச்சக்கா என்றால் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் மூச்சை இழுக்கச் சொல்வதும் பிடிக்கச் சொல்வதும் அவள் வேலை. வேலை அது மட்டுமில்லை. முறையாகப் படித்தவள், எம்.ஆர்.ஐ. என்கிற அந்தக் காந்த மெஷினின் கோபதாபமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் குழாய்க்குள் தலையைக் கொடுத்து, உடம்பில் என்ன வந்திருக்கிறதோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடப்பவருக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அந்த நேரத்தில் அவருக்கு உலகத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு குரல்தான். அது சிடுசிடுக்காத குரலாக இருந்தால் கும்பிடத் தோன்றும்.

அந்தக் குரலுக்கு ஒரு பழைய கதை உண்டு. படிப்பு முடிந்த கையோடு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை பேருந்து நிலையத்தில். மின்விசிறி ஓடாத ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, "பயணிகளின் கவனத்திற்கு... பேருந்து புறப்படத் தயாராக உள்ளது, பயணிகள் உடனே ஏறிக்கொள்ளவும்" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பணிமனையில் இன்ஜினுக்கு அடியில் படுத்துக் கிடந்த ஒரு மெக்கானிக் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் கிரீஸ் கையோடு கூண்டைத் தேடி வந்தான். "ஏறிக்கொள்ளவும்னு சொன்னீங்க, அதான் வந்தேன்" என்றானாம். இப்படி ஒரு அசட்டு வசனத்துக்கு மயங்கிக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கல்யாணமான கொஞ்ச நாளில் நிர்வாகம் யாரோ ஒரு பெண்ணின் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டது. அவள் வேலை போயிற்று. அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேன் படிப்பு, ஆஸ்பத்திரி வேலை, மூச்சக்கா எல்லாம்.

அந்த ஸ்கேன் அறைக்குப் பக்கத்து அறையில், முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடத்தில், ஒருநாள் புது மெஷின் ஒன்று வந்து இறங்கியது. ஏற்கனவே இருந்த மெஷினுக்கு அங்கே பெரியவர் என்று பெயர். பெரியவருக்குத் தனி அறை, தனிக் குளிர், தனி மின்சாரம் எல்லாம் வேண்டும். அவர் விலையைக் கேட்டாலே சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள் வாயடைத்துப் போகும். புதிதாக வந்ததற்குச் சின்னவன் என்று பெயர் வைத்தார்கள். காந்தத்தின் பலம் குறைவு, விலை அதைவிடக் குறைவு. ஒரு சாதாரண அறையில் வைத்து ஓட்டலாம். புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் பெரியவருக்குப் பக்கத்திலாவது வருகிறானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும், வந்தால் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் அனுப்பலாம் என்பது திட்டம்.

சோதனை எளிதுதான். குடலில் புற்றுநோய் வந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு, நோய் கல்லீரலுக்குத் தாவியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். அவர்களில் சம்மதிப்பவர்களை முதலில் பெரியவரிடமும் பிறகு சின்னவனிடமும் படுக்க வைப்பார்கள். வைத்தியமெல்லாம் பெரியவர் படத்தை வைத்துத்தான். சின்னவன் படங்களைப் பேரில்லாமல் படம் படிக்கும் டாக்டரிடம் கொடுப்பார்கள். எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பவர் என்பதால் அவருக்கு முடியாது டாக்டர் என்று பெயர். யாருடைய படம் என்று தெரியாமல் அவர் புள்ளிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பார்கள்.

சின்னவனுக்கு ஒரு குறை, ஆள் மந்தம். பெரியவர் ஒரே மூச்சில் கல்லீரல் முழுவதையும் எடுத்துவிடுவார். சின்னவன் ஐந்து மூச்சுக்குப் பிரித்துத்தான் எடுப்பான், ரொட்டியைப் பகுதி பகுதியாக வெட்டுகிற மாதிரி. ஐந்து தடவையும் கல்லீரல் ஒரே இடத்தில் நின்றால்தான் பகுதிகள் சரியாகச் சேரும். மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒரு தடவை அதிகம் போகும், ஒரு தடவை குறையும். முழுக்க வெளியே விட்டுவிட்டு நிறுத்தினால் கல்லீரல் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். அதனால் மூச்சை வெளியே விடச் சொல்லி, நிறுத்தச் சொல்லும் குரல் ஒன்றை மெஷினிலேயே பதிந்து வைக்க வேண்டும் என்றாள் சின்னவனோடு வந்திருந்த பொறியாளர்ப் பெண். நாளைக்கு எந்த ஊருக்குப் போனாலும் அதே குரல், அதே நேரக் கணக்கில் ஒலிக்க வேண்டுமாம்.

"யார் குரல்?" என்று கேட்டாள் இவள், தெரியாத மாதிரி.

"உங்க குரல்தான். வேற யாரு?"

அவளுக்குத் தலை கால் புரியவில்லை. பதிவுக்கு நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். குரலுக்கு எதற்குப் புடவை என்று கேட்காதீர்கள், கேட்ட புருஷன் வாங்கிக் கட்டிக்கொண்டான். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பழைய கூண்டு ஞாபகம் வந்துவிட்டது. தினமும் பேசுகிற பேச்சு எங்கோ போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு, அட்சரம் பிசகாமல், "மூச்சு விட்டு நிறுத்தவும்" என்றாள். பொறியாளர்ப் பெண் கட்டைவிரலை உயர்த்தினாள். முடியாது டாக்டரே, "ம், கம்பீரமா இருக்கு" என்றார். அன்று முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை.

சோதனைக்கு வந்தவர்களில் அவளுடைய நாத்தனாரும் ஒருத்தி. புருஷனின் தங்கை. தொலைவில் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருப்பவள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், மூச்சுக்கு முந்நூறு தடவை "அண்ணி, அண்ணி" என்பாள். முந்தைய ஆண்டுதான் அவளுக்குக் குடலில் அறுவை நடந்தது. அதிலிருந்து ஒவ்வொரு முறை ஸ்கேனுக்கும் பஸ் மாறி ரயில் மாறி இங்கே வந்தாக வேண்டும், கடையைப் பூட்டியாக வேண்டும், தைக்கக் கொடுத்தவர்களிடம் பேச்சு வாங்கியாக வேண்டும். போன தடவை வரவேயில்லை. கேட்டால் அவசரத் துணி என்றாள்.

இந்தத் தடவை வந்தவள் சின்னவன் அறைக்குள் நுழைந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இதைத்தான் எங்க ஊருக்கு அனுப்புவாங்களா?"

"பாஸானா அனுப்புவாங்க."

"அனுப்பினா ஒழுங்கா பார்த்துக்கறேன். இல்லேன்னா இதுதான் கடைசி, சொல்லிட்டேன். என்னால அலைய முடியல அண்ணி. உடம்பு போற வழியில போகட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் விளையாட்டாகச் சொன்னதையெல்லாம் செய்துவிடுகிறவள் என்பது அண்ணிக்குத் தெரியும்.

"பெரியவர்கிட்ட எடுத்த ஊசியையெல்லாம் மறுபடி செருகிட்டு வந்திருக்கே, முதல்ல எடு" என்று பேச்சை மாற்றினாள். தையல்காரி அல்லவா, ரவிக்கையில் நாலு குண்டூசி, முந்தானையில் ரெண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டையில் ஒன்று. காந்தத்துக்குப் பக்கத்தில் இத்தனை ஊசியோடு போனால் என்ன ஆகும் என்று சொல்லிச் சொல்லி எடுக்க வைத்து, வயிற்றின் மேல் படம் பிடிக்கும் பட்டையைக் கட்டி உள்ளே அனுப்பினாள். சின்னவன் டொக்டொக்கென்று தட்டத் தொடங்கினான். "மூச்சு விட்டு நிறுத்தவும்" என்று அறையே அதிரும் கம்பீரத்தோடு குரல் ஒலித்தது.

பெரியவர் படத்தில் நாத்தனாரின் கல்லீரலில் ஒரு புள்ளி இருந்தது. மிளகு அளவுதான். அறுவை டாக்டர், "சின்னதா இருக்கும்போதே பார்த்துட்டோம், வெட்டி எடுத்துடலாம், பயப்படாதீங்க" என்றார். நாத்தனார் அன்று ராத்திரி ஊசியில் நூலைக் கோப்பதும் உருவுவதுமாக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் அண்ணிக்குப் பயமாக இருந்தது. பிறகு, "வெட்டித் தைக்கிறது நமக்குப் புதுசா?" என்று அவளே சிரித்துவிட்டு, அறுவைக்கு நாள் கிடைக்கும்வரை அண்ணன் வீட்டிலேயே தங்கினாள்.

அந்த வாரத்தில்தான் முதல் சுற்றுப் படங்களை ஒத்துப்பார்த்தார்கள். சின்னவன் பெரிய கட்டிகளையெல்லாம் ஒழுங்காகப் பிடித்திருந்தான். சின்னப் புள்ளிகளில்தான் கோட்டை விட்டிருந்தான், பாதிக்கு மேல் காணோம். நாத்தனாரின் மிளகும் அதில் ஒன்று. யார் படம் என்று முடியாது டாக்டருக்குத் தெரியாது. படம் எடுத்தவளுக்குத் தெரியுமே.

"பெருசா ஆனப்புறம் கண்டுபிடிக்கறதுக்கு மெஷின் எதுக்கு?" என்றார் டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை, அவருக்கும் வருத்தம்தான். "முடியாதும்மா. திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிடறேன்."

பொறியாளர்ப் பெண்ணின் முகம் செத்துப் போயிற்று. காந்தத்தைச் சோதித்தாள், பட்டையைச் சோதித்தாள், வயரை வயராகப் பிடித்துப் பார்த்தாள். எதிலும் பழுதில்லை. அடுத்த வாரம் லாரி வரும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் புருஷன், நாத்தனார், அவள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். இவள் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, பேச்சு மூச்சே காணோம்?"

மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டாள். சின்னவன் போகிறான், உங்கள் ஊருக்கு மெஷின் வராது.

நாத்தனார் சோற்றில் கையை வைத்தபடி இருந்தாள். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா அண்ணி? நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்."

"என்ன செஞ்சே?"

"மூச்சு விட்டு நிறுத்துன்னீங்க. எப்பவும் போல ஒரு மூச்சு விட்டேன், நிறுத்தினேன்."

"எப்பவும் போலன்னா? உள்ள இழுத்து நிறுத்தினியா, வெளிய விட்டு நிறுத்தினியா?"

"அதெல்லாம் யார் பார்த்தா? மூச்சு விடறதுன்னா ரெண்டும்தானே? இப்ப நாம மூணு பேரும் மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"போடி இவளே" என்று அண்ணன் குறுக்கே புகுந்தான். "விட்டுன்னா மூச்சை விட்டுடணும். மூச்சு விடறதையே விட்டுடணும். குரல் வந்த உடனே டக்குனு நிறுத்தணும்." சொன்னதோடு நிற்காமல், வாயில் பாதிச் சோறோடு சிலை மாதிரி உட்கார்ந்து காட்டினான்.

"அப்படியா? ரெண்டாவது தடவை எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அதான் மாத்திச் செஞ்சேன். மூணாவதுக்கு நல்லா இழுத்து வெச்சுக்கிட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு."

அண்ணி தட்டைத் தள்ளி வைத்தாள். சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று, காற்றை வெளியே விடுங்கள் என்பது. அதற்கு அவள் போட்ட வார்த்தைக்குத் தமிழில் மூன்று அர்த்தம் இருந்திருக்கிறது, மூன்றையும் நாத்தனார் ஒரே படுக்கையில் செய்து முடித்திருக்கிறாள். ஒரு மூச்சுக்குக் கல்லீரல் மேலே, ஒரு மூச்சுக்குக் கீழே. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் அந்த மிளகு எந்தப் படத்திலும் விழாமல் நழுவியிருக்கும். சின்னவனின் கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு அந்தக் கம்பீரத்தில்தான். தினமும் மைக்கில் பேசுகிற மாதிரி பேசித் தொலைத்திருந்தால் என்ன?

மறுநாள் காலையில் பொறியாளரையும் டாக்டரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னாள். "என் தப்புதான். என்னாலதான் அது திரும்பிப் போகுது."

"எல்லாத்தையும் சோதிச்சேன், குரலை மட்டும் விட்டுட்டேன்" என்று பொறியாளர்ப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள். முடியாது டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடி, வயிற்றின் மேல் கையை வைத்து, "மூச்சு விட்டு நிறுத்தவும்" என்று தனக்குத்தானே சொல்லி இரண்டு தடவை செய்து பார்த்தார். இரண்டும் வேறு வேறாக இருந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான்கூடத்தானே தலையாட்டினேன்" என்றார். லாரியை நிறுத்தச் சொன்னார். "ஆனா தவறிப்போன ஆளுங்களை மட்டும் கூப்பிட்டுத் திரும்ப எடுக்க முடியாது. அது நம்மள நாமே ஏமாத்திக்கிறது. எல்லாரையும் கூப்பிடுங்க. புது ஆளுங்களையும் சேருங்க. பழைய படம் என் கண்ணுல படக்கூடாது."

இப்போது வார்த்தை தேட வேண்டும். "வெளியே விடுங்க" என்று மைக்கில் சொல்லிப் பார்த்தாள். சோதனைக்கு வந்திருந்த ஒரு தாத்தா பட்டையை அவிழ்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வெளியே விடுங்கன்னு சொன்னீங்களே?" நடைபாதையில் தன் ஸ்கேன் முறைக்காகக் காத்திருந்த லாரி டிரைவர் ஒருவர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏங்க, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஊதச் சொல்லுங்க. ரோட்டுல போலீஸ்காரர் எங்களுக்கு என்ன விளக்கமா கொடுக்கறாரு? ஊதுன்னா ஊதறோம். ஊதுன்னு சொல்லி எவனாவது உள்ள இழுத்துப் பார்த்திருக்கீங்களா?"

அவள் பொறியாளர்ப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் பதிவுக் கருவியை எடுக்க ஓடினாள். இந்தத் தடவை நல்ல புடவை இல்லை, பேருந்து நிலையக் குரலும் இல்லை. சூடான டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுகிற குரலில் சொன்னாள். "ஊதுங்க... நல்லா ஊதுங்க... இன்னும் ஊதுங்க... அப்படியே இருங்க."

நாத்தனாருக்கு அறுவைக்கு நாள் நெருங்கிவிட்டது. "இன்னொரு தடவை படுக்கறியா?" என்று கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டதும் நாத்தனார் ரவிக்கையிலிருந்து குண்டூசிகளைப் பிடுங்கி மேஜை மேல் போட்டாள். "சின்னவனுக்கு ஒரு சான்ஸ் கொடுப்போம் அண்ணி."

அண்ணி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு பகுதியாகத் திரையில் வருவதைப் பார்த்தாள். முதல் மூச்சு, இரண்டாவது மூச்சு. மூன்றாவதில், கல்லீரலின் ஓரத்தில், பெரியவர் காட்டிய அதே இடத்தில், மிளகு உட்கார்ந்திருந்தது. "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டாள். வந்திருப்பது என்ன? கூடப் பிறக்காத தங்கை மாதிரி இருப்பவளின் உடம்பில் புற்றுநோய். அதைப் பார்த்துக் கத்திக் கொண்டாடுகிற அண்ணி எங்காவது உண்டா? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பொறியாளர்ப் பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மெஷினிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் கண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுடி."

"அப்ப எங்க ஊருக்கு வருவானா?"

"வருவான்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் எதுக்கு மூக்கைச் சிந்தறீங்க?" என்றபடி நாத்தனார் ஊசிகளை ஒவ்வொன்றாக ரவிக்கையில் திரும்பச் செருகிக்கொண்டாள்.

அறுவை நன்றாக நடந்தது. இரண்டாவது சுற்றுப் படங்களை ஒத்துப்பார்த்த அன்று முடியாது டாக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக "முடியும்" என்றார். பெரியவர் அளவுக்கு வராவிட்டாலும், வைத்தியத்துக்குப் பிந்திப் போகிற அளவுக்குச் சின்னவன் எதையும் தவறவிடவில்லை. அதற்குப் பிறகு யார் யாரோ சோதித்தார்கள், எங்கெங்கோ கையெழுத்தானது, அவளுக்குப் பொறுமை போனது. கடைசியில் ஒருநாள், நாத்தனார் ஊர் ஆஸ்பத்திரியில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் நிறுத்திக்கொண்டிருந்த இடத்தை வெள்ளையடித்து, சின்னவனின் தம்பி ஒருவனைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

நாத்தனாரின் அடுத்த ஸ்கேன் அங்கேதான். அன்று இவளுக்கு வேலையில் கவனமே இல்லை. போன் அடித்ததும் நடைபாதைக்கு ஓடினாள்.

"அண்ணி! பஸ் இல்ல, ரயில் இல்ல, கடையைச் சாத்தக்கூட இல்ல, பக்கத்துக் கடைக்காரங்களைப் பார்த்துக்கச் சொல்லிட்டு நடந்தே போனேன். உள்ள போய்ப் படுத்தா, உங்க குரல்! ஊதுங்க, நல்லா ஊதுங்கன்னு. ஐயோ, அண்ணி, நல்லா இருக்கீங்களான்னு நான் உள்ளயே கேட்டுட்டேன். அங்க இருந்த பொண்ணு பேசாதீங்கன்னு சத்தம் போடுது. எங்க அண்ணிதாம்மான்னா நம்பவே மாட்டேங்குது. அப்புறம் நீங்க சொன்ன மாதிரியே ஊதினேன். அஞ்சு தடவையும் ஒரே மாதிரி. நான் உங்க பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை, எழுதி வெச்சுக்கங்க."

"ஏய், படத்துல என்ன சொன்னாங்க?"

"சுத்தமா இருக்காம் அண்ணி. ஒண்ணுமே இல்லையாம்."

இந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை.

"அண்ணி? இருக்கீங்களா? என்ன, மூச்சே காணோம்?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். போன் அடித்ததிலிருந்து நெஞ்சில் இழுத்து வைத்திருந்தது அப்போதுதான் மெல்ல வெளியே போயிற்று.

"பிடிச்சுக்கிட்டு இருந்தேன்டி" என்றாள். "இப்பதான் விட்டேன்."